நின்று கெட்ட வண்டியை எழுப்புவது: பழைய பெட்ரோல் தீயணைப்பு வண்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியில் இருந்து ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டியின் மைல் மீட்டரைப் பார்த்தால் பலருக்கு நம்பிக்கை வராது. 20,000 மைல்கூட ஓடியிருக்காத வண்டிகள் உண்டு. நிலையத்திலிருந்து தீப்பிடித்த வீடுவரை போவது, வருவது, அவ்வளவுதான் அதன் ஓட்டம். எஞ்சின் உண்மையில் உழைத்ததெல்லாம் ஒரே இடத்தில் நின்று தண்ணீர் இறைத்தபோதுதான். அந்த மணிக்கணக்கு மைல் மீட்டரில் ஏறாது.

அதனால் இந்த வண்டிகள் ஓடித் தேய்ந்தவை அல்ல, நின்று கெட்டவை. ரப்பர் இறுகிப்போயிருக்கும், பெட்ரோல் பிசினாகியிருக்கும், பிரேக் எண்ணெயில் ஈரம் இறங்கியிருக்கும், வால்வுகள் ஒட்டியிருக்கும். இது புரிந்தால் வேலையின் வரிசையும் புரியும். இரும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது இரும்போடு சேர்ந்த மென்மையான பொருள்கள் எல்லாம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தயாரான அமெரிக்கன் லாஃபிரான்ஸ் 700 வரிசை ‘பம்பர்’, அதாவது தண்ணீர் இறைக்கும் பம்பு பொருத்திய வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அறிமுகமாகி, 1950களின் நடுப்பகுதிவரை வந்தது. ஓட்டுநர் அறை முன்னால், எஞ்சின் அதற்குப் பின்னால், இருபுறமும் வீரர்கள் உட்காரும் இருக்கைகள் என்ற அமைப்பு அன்றைக்குப் புதிது. பல வண்டிகளில் வி-12 பெட்ரோல் எஞ்சின் இருக்கும். ஆபர்ன் கார்களுக்காக லைகாமிங் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் வடிவமைத்த எஞ்சினின் வழிவந்தது அது. சீக்ரேவ், மாக் போன்ற வண்டிகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். முகப்பில் பளபளக்கும் உருண்டையோடு வரும் ஏரன்ஸ்-ஃபாக்ஸ் பிஸ்டன் பம்பு வண்டி தனி உலகம். எஞ்சின், பிரேக் பற்றிச் சொல்வது அதற்கும் சரி, பம்பு பற்றிச் சொல்வது பொருந்தாது.

வாங்குவதற்கு முன்

முதல் கேள்வி வண்டியைப் பற்றியது அல்ல, கூரையைப் பற்றியது. இந்த வண்டி ஏறக்குறைய 8 மீட்டர் நீளம் இருக்கும். சாதாரணக் கார் கொட்டகையில் நுழையாது. வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைத்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், வண்டியை வாங்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். தார்ப்பாய் போட்டு மூடுவது அதைவிட மோசம். உள்ளே ஈரம் தங்கி, தகரத்தை அடியிலிருந்து தின்றுவிடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது கண்ணை உறுத்தும் துருவைவிட, இல்லாத பொருள்களைக் கவனியுங்கள். மணி, சைரன், உறிஞ்சு குழாய்கள், மர ஏணிகள், பித்தளை நாசில்கள், பம்பு பலகையில் உள்ள மானிகள், அளவுத் தகடு. அமெரிக்கன் லாஃபிரான்ஸ் 2014இல் மூடப்பட்டது, எனவே தொழிற்சாலையிலிருந்து எதுவும் வராது. எஞ்சின் பாகத்தைக்கூட ஒரு நல்ல லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். அந்த வண்டிக்கே உரிய மணியும் தாங்கியும் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது அரிது.

தகட்டில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு, எந்த ஆண்டு, எந்தப் பம்போடு போனது என்று தேட அதுதான் கைப்பிடி. 1958இல் தொடங்கிய ஸ்பாம்ஃபா என்ற பழைய தீயணைப்பு வண்டி ஆர்வலர்கள் சங்கத்துக்கு அமெரிக்கா முழுவதும் கிளைகள் உண்டு. வண்டி வாங்கும் முன்பே அதில் சேர்ந்துவிடுவது நல்லது. வி-12 எஞ்சினை ஒருமுறையாவது பிரித்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லும் ஒரு மணி நேரம், எழுதிவைத்த எதைவிடவும் பெரிது.

பதிவு, காப்பீடு, சிவப்பு விளக்கும் சைரனும் சாலையில் போடலாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு முன்

வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள், கேமராவை எடுங்கள். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, ஒவ்வொரு குழாயும் எந்தப் பக்கம் வளைகிறது, கைப்பிடியின் போல்ட் தலை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று எல்லாவற்றையும் படமெடுங்கள். கழற்றும் பாகத்தைப் பையில் போட்டு, அட்டையில் இடத்தையும் தேதியையும் எழுதிக் கட்டுங்கள். இந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. மூன்றாம் ஆண்டில் நினைவை நம்ப முடியாது.

கதவிலும் பக்கத்திலும் உள்ள எழுத்துகளைத் தாள் வைத்து அப்படியே பிரதி எடுங்கள். ஊர்ப் பெயர், எண், ஓரங்களில் ஓடும் தங்கக் கோடு எல்லாமே ஒரு கைவினைஞர் கையால் எழுதியவை. சில இடங்களில் மேல் பெயிண்டுக்கு அடியில் முந்தைய எழுத்து இருக்கும். நனைத்த உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் அடுக்கடுக்காக வெளிப்படும். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அக்காலத்துச் சிவப்பில் ஈயம் இருப்பது சாதாரணம்.

பிரேக்கும் டயரும் முதலில்

எல்லோரும் எஞ்சினில்தான் தொடங்குவார்கள், சத்தம் கேட்க வேண்டும் என்ற ஆசை. நான் பிரேக்கில் தொடங்கச் சொல்வேன். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே ஒரு சுற்று கொண்டுபோக யாருக்கும் கை துறுதுறுக்கும். அன்றைக்கு 7, 8 டன் எடையை நிறுத்த ஏதாவது வேண்டும்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் எண்ணெய் பிரேக்கும், அதற்கு உதவியாக எஞ்சின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டரும் இருக்கும். கவனிக்க வேண்டியது, முழு பிரேக்கும் ஒரே சுற்று. ஒரு சக்கரத்தின் சிலிண்டர் கசிந்தால் நான்கும் போய்விடும். ஆகவே ‘இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதே’ என்று விட்டுவைக்க இடமில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், பூஸ்டர், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் அனைத்தையும் ஒன்றாகச் செய்யுங்கள். துருப்பள்ளம் விழுந்த சிலிண்டரைக் கடைந்து உள்ளே பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு உறை போட்டுத் தரும் பட்டறைகள் உள்ளன. குழாய்களுக்குச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் நல்லது. துருப்பிடிக்காது, கையால் வளைக்கவும் எளிது.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு வழி உண்டு. வழக்கமான டாட் 3 வகை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5 ஈரத்தை இழுக்காது, பெயிண்டையும் கெடுக்காது. நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்குப் பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. பழைய எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல், எல்லா ரப்பரும் புதிதாக இருக்கும்போது மட்டும்தான் டாட் 5க்கு மாறலாம்.

பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. தூசியை நனைத்துத் துடைத்து, சரியான வடிகட்டியுள்ள முகமூடி அணிந்து, துணியை மூடிய பையில் போடுங்கள்.

டயரின் பள்ளங்கள் இன்னும் தேயவில்லை, ஓட்டமே இல்லை என்று விற்பவர் சொல்வார். வயதுதான் கணக்கு. பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. நான்கு இலக்கமே இல்லை என்றால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தையது, அதில் ஏறி ஒரு மைல்கூடப் போக வேண்டாம். டயர் மாற்றும்போது டியூபும் அதற்கு அடியில் போகும் ரப்பர் பட்டையும் புதிதாகப் போடுங்கள்.

அப்புறம் ரிம். பழைய லாரி ரிம்கள் பலவும் இரண்டு மூன்று துண்டுகளைப் பூட்டிச் சேர்த்தவை. துருப்பிடித்த பூட்டு வளையம் காற்று ஏறும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும், அப்படி இறந்தவர்கள் உண்டு. இரும்புக் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடையில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். வீட்டில் செய்யக் கூடாத வேலைகளில் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

எஞ்சினை எழுப்புதல்

எத்தனை ஆண்டு நின்றது என்று தெரியாத எஞ்சினை செல்ஃப் மோட்டார் வைத்துச் சுற்றிப் பார்க்கக் கூடாது. முதலில் எண்ணெயை வடியுங்கள். பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, கேஸ்கெட் அல்லது விரிசல் பற்றி யோசிக்க வேண்டும். அடியில் தெளிந்த தண்ணீர் மட்டும் கொஞ்சம் வந்தால் பெரும்பாலும் ஈரக்காற்று குளிர்ந்து இறங்கியது.

இந்த வி-12 எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 24. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒன்றைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மூன்று கரண்டி ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். வாய்ப்பிருந்தால் சிறு கேமராக் குழாயை உள்ளே விட்டுச் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். பிறகு கையால், மெதுவாக, முன்னும் பின்னும் அசைத்துச் சுற்ற வேண்டும். மசியவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். இதில் அவசரப்பட்டு நீண்ட கம்பியை மாட்டி உந்தியவர்கள் பிஸ்டன் வளையத்தை உடைத்திருக்கிறார்கள்.

நின்ற எஞ்சினில் அடுத்த தொல்லை ஒட்டிக்கொண்ட வால்வு. மேல்மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் எஞ்சினைச் சுற்ற, இன்னொருவர் ஒவ்வொரு வால்வும் திறந்து முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடாத வால்வுத் தண்டில் எண்ணெய் விட்டு இளக்கிய பிறகுதான் அடுத்த வேலை.

புது எண்ணெயும் வடிகட்டியும் போட்டு, பிளக்குகள் இல்லாமலே செல்ஃப் மோட்டாரால் சுற்றுங்கள். எண்ணெய் அழுத்த மானியின் முள் எழும்பும்வரை பெட்ரோல் பக்கம் போக வேண்டாம். எண்ணெய் வாங்கும்போது துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள, பழைய எஞ்சின்களுக்கென்று விற்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய கார் எண்ணெய்களில் அது குறைந்துவிட்டது, பழைய கேம் தண்டுகளுக்கு அது தேவை.

பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பார்க்கலாம். பன்னிரண்டு எண்களில் எது பெரிது என்பதைவிட, எல்லாம் நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் உயர்ந்தால் கோளாறு பிஸ்டன் வளையத்தில், உயராவிட்டால் வால்வில்.

பற்றவைப்பு இந்த வண்டியின் அழகான பகுதி. தீ எரியும் இடத்தில் எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இரண்டு தனித்தனிப் பற்றவைப்புச் சுற்றுகள், விமான எஞ்சினில் வைப்பதைப் போலவே. பாயின்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வயர்கள் எல்லாவற்றையும் இரண்டு தொகுதிக்கும் புதுப்பியுங்கள். எஞ்சின் சூடேறியதும் ஒரு சுற்றை அணைத்துப் பாருங்கள், சுழற்சி சிறிது குறைய வேண்டும். மறு சுற்றை அணைத்தாலும் அதே அளவு குறைய வேண்டும். ஒரு பக்கத்தில் தடுமாறினால் அந்தச் சுற்றில் கோளாறு இருக்கிறது, இன்னொன்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே சுற்றில் ஓடிக்கொண்டு, உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கும் வண்டிகள் உண்டு.

குளிர்விப்பில் தீயணைப்பு வண்டிக்கென்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. நின்றபடியே முழு வேகத்தில் இறைக்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாது. அதனால் பம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து எஞ்சின் நீரைக் குளிரவைக்கும் துணைக் குளிர்விப்பான் இருக்கும். சில வண்டிகளில் பம்புத் தண்ணீரை நேரே ரேடியேட்டருக்குள் விடும் வால்வும் உண்டு. பம்பு உயர் அழுத்தத்தில் ஓடும்போது அதை முழுதாகத் திறந்தால் ரேடியேட்டர் வெடித்துவிடும். எந்தக் கைப்பிடி எது என்று கண்டுபிடித்து, அதில் ஓர் எச்சரிக்கை அட்டை கட்டித் தொங்கவிடுங்கள்.

பெட்ரோல் வழி

பெட்ரோல் தொட்டியைக் கழற்றாமல் தப்பிக்க நினைக்க வேண்டாம். அடியில் பிசினும் துருவும் இருக்கும், கொஞ்சம் ஓட்டியதும் அது கார்புரேட்டருக்கு வந்து சேரும். ரேடியேட்டர் வேலை செய்யும் பட்டறையில் கொடுத்து வேகவைத்துச் சுத்தம் செய்வது நல்லது. காலியான பெட்ரோல் தொட்டியை வெல்டிங் செய்வது நிரம்பியதைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். அதற்கென்று தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் சாதாரணமாக 10 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரை இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். எல்லா ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வையும் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் மறக்காதீர்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் ஊர்களில், குறைந்தது குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் கடைசியாக நிரப்புவதாவது அதுவாக இருக்கட்டும். கார்புரேட்டரின் பித்தளை மிதவையை வெந்நீரில் அழுத்திப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. வால்வு இருக்கை தேய்ந்துவிடுமே என்று பலர் கவலைப்படுவார்கள். ஆண்டுக்குச் சில நூறு மைல் ஓடும் வண்டிக்கு இது பெரிய கவலை அல்ல. வேறு காரணத்துக்காக எஞ்சின் தலையைக் கழற்ற நேர்ந்தால் அப்போது கடினமான வால்வு இருக்கைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் கழற்ற வேண்டாம்.

வெயில் நாளில் நின்றபடி இறைக்கும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் திணறுவது இன்றைய பெட்ரோலில் அடிக்கடி நடக்கும். தொட்டிக்கு அருகில் சிறிய மின்சாரப் பெட்ரோல் பம்பு ஒன்றை வைத்தால் தீரும். எண்ணெய் அழுத்தம் இல்லையென்றால் தானாக நிற்கும் சுவிட்சோடு சேர்த்து வையுங்கள். குழாய் பிய்ந்தாலும் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும் பம்பை எந்த வண்டியிலும் விட்டுவைக்கக் கூடாது.

மின்சாரம்

துணி சுற்றிய பழைய வயர் மடித்தால் நொறுங்கும். அதே தோற்றத்தில், உள்ளே புதிய காப்புள்ள வயர்த் தொகுதிகளைச் செய்து தருபவர்கள் உண்டு. பாட்டரியைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச் ஒன்றைக் கண்டிப்பாக வையுங்கள். ஃபெடரல் க்யூ வகைச் சுழல் சைரன் இருந்தால் அது ஓடும்போதே 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்குத் தடித்த கேபிளும் நல்ல நிலமிணைப்பும் தேவை. மெல்லிய வயரில் மாட்டினால் தீயணைப்பு வண்டியே தீப்பிடிக்கும்.

பம்பு

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எந்தப் பழைய லாரிக்கும் பொருந்தும். வண்டியை ஊர்வலத்துக்கு மட்டும் தயார்செய்து, பம்பைத் தொடாமல் விட்டுவிடுபவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீர் இறைப்பதற்காகவே கட்டிய வண்டி இது. பம்பு ஓடினால்தான் சீரமைப்பு முடிந்தது என்று நான் சொல்வேன்.

பம்பின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். மைய விலக்கு விசையால் இயங்கும் இரண்டு சுழலிகள் உள்ளே இருக்கும். இரண்டும் தனித்தனியாக நீரை எடுத்து ஒன்றாக வெளியே தள்ளினால் அளவு கூடும். ஒன்று தள்ளியதை இன்னொன்று வாங்கி மறுபடி தள்ளினால் அழுத்தம் கூடும். பலகையில் உள்ள மாற்று வால்வு இதைத் தீர்மானிக்கிறது. பல ஆண்டு அசையாத வால்வு இறுகிப்போயிருக்கும். பம்பு ஓடாதபோது, எண்ணெய் விட்டு, பொறுமையாக இளக்குங்கள்.

தண்டு வெளியே வரும் இடத்தில் பாக்கிங் இருக்கும், கிராஃபைட் ஏறிய கயிறு. புதிதாகப் போடும்போது வளையம் வளையமாக வெட்டி, ஒன்றின் வெட்டு மேலே இருந்தால் அடுத்ததன் வெட்டு பக்கவாட்டில் வருமாறு அடுக்குங்கள். பாக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டு நட்டுகளை முதலில் விரலால் மட்டும் முடுக்குங்கள். பம்பு ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வர வேண்டும், அந்த நீர்தான் தண்டைக் குளிரவைக்கிறது. புதியவர்கள் கசிவு என்று நினைத்து முழுதாக இறுக்கி, தண்டில் பள்ளம் விழவைத்துவிடுகிறார்கள். சொட்டாக இல்லாமல் ஒழுகினால் ஒரு நேரத்தில் நட்டைக் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள், இரண்டு பக்கமும் சமமாக.

அடுத்தது வெற்றிடச் சோதனை. பம்பை முழுதாக வடித்து, எல்லா வெளியேற்று வால்வுகளையும் மூடி, உறிஞ்சு வாய்களுக்கு மூடி போட்டு, பிரைமர் என்ற சிறு வெற்றிடப் பம்பை ஓடவிடுங்கள். பாதரசக் கணக்கில் 22 அங்குலம் வெற்றிடம் வர வேண்டும். பிரைமரை நிறுத்தியபின் ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. என்.எஃப்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் அளவுகோல் இது. பணியில் இருக்கும் வண்டிகளுக்கு வகுத்தது என்றாலும் நமக்கும் சரியான வழிகாட்டி. முள் இறங்கினால் காற்று எங்கிருந்து நுழைகிறது என்று தேடுங்கள். காதை வைத்துக் கேட்டாலே பாதி இடங்கள் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் மூடிகளின் ரப்பர் வாஷர், வடிகால் வால்வு, மானிக்குப் போகும் மெல்லிய குழாய், பாக்கிங். பிரைமருக்கு எண்ணெய்க் குடுவை உண்டு, அது காலியாக இருந்தால் வெற்றிடமே ஏறாது.

22 அங்குலம் என்பது தோராயமாக 25 அடி உயர நீர்த்தூணுக்குச் சமம். நடைமுறையில் குளத்து நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் இடையே 10 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாயின் முனையிலுள்ள சல்லடை நீருக்குள் குறைந்தது 2 அடி ஆழத்தில், தரையில் படாமல் இருக்க வேண்டும். மேலே இருந்தால் சுழி உண்டாகிக் காற்றை இழுக்கும், கீழே பட்டால் சேற்றை இழுக்கும்.

முதல்முறை இறைக்கும்போது: சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கைப்பிரேக் போடுங்கள். கிளட்சை அழுத்திப் பம்பு கியருக்கு மாற்றுங்கள். வண்டி நகரவில்லை என்று உறுதியான பிறகுதான் ஆள் பலகைக்குப் போக வேண்டும். பிரைமரை இயக்குங்கள். நிமிடத்துக்கு 1,250 காலன்வரை உள்ள பம்பில் அரை நிமிடத்துக்குள் தண்ணீர் ஏறிவிட வேண்டும். அழுத்த மானி எழும்பியதும் பிரைமரை நிறுத்தி, ஒரு வெளியேற்று வால்வை மெதுவாகத் திறந்து, அதற்கேற்ப எஞ்சின் வேகத்தைக் கூட்டுங்கள். வேகம் கூட்டியும் அழுத்தம் கூடாமல், பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் வந்தால், உள்ளே வரும் நீரைவிட அதிகம் கேட்கிறீர்கள் என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள், அந்தச் சத்தம் சுழலியை அரிக்கும் சத்தம்.

அளவுத் தகட்டைக் கவனமாகப் படியுங்கள். பழைய வண்டிகளில் இரண்டு விதக் கணக்கு உண்டு. ஏ வகுப்புப் பம்பு தன் முழு அளவை 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தத்திலும், 70 சதவீதத்தை 200இலும், பாதியை 250இலும் தரும். பி வகுப்பு முழு அளவை 120இலும், பாதியை 200இலும், மூன்றில் ஒரு பங்கை 250இலும் தரும். 750 காலன் பம்பு என்று மட்டும் கேள்விப்பட்டு, பி வகுப்புப் பம்பிடம் 150இல் 750 காலன் கேட்டால் எஞ்சினைத்தான் வதைப்பீர்கள். ஓய்வுபெற்ற வண்டியை முழு அளவுக்கு ஓட்டிக்காட்ட வேண்டிய தேவையும் இல்லை. 100 பி.எஸ்.ஐ.யில் இரண்டு நாசில் அழகாகப் பாய்ந்தால் போதும், பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு நாசிலை மெதுவாக மூடும்போது அழுத்தம் சற்றே உயர்ந்து நின்றுவிட வேண்டும். கடகடவென ஏறினால், இன்னொரு நாசிலைப் பிடித்திருப்பவரைத் தூக்கி எறியும். எந்த வால்வையும் சட்டென்று மூடாதீர்கள்.

வண்டியோடு வந்த பழைய பருத்தி ஹோஸ் காட்சிக்கு மட்டும். அதில் அழுத்தம் ஏற்றக் கூடாது. இறைப்பதற்குச் சோதிக்கப்பட்ட புதிய ஹோஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மர ஏணிகளும் அப்படியே. தெளிவான வார்னிஷ் பூசுங்கள், விரிசலை மறைக்கும் பெயிண்ட் வேண்டாம், யாரையும் ஏறவிடவும் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி

இரும்புத் தொட்டி உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு பம்புக்குப் போகும். கொஞ்சம் என்றால் சுத்தம் செய்து உள்பூச்சு பூசலாம். ஓட்டை விழுந்தால் அதே அளவில் பிளாஸ்டிக் தொட்டி செய்து உள்ளே வைப்பதே நிரந்தரத் தீர்வு. 500 காலன் நீரின் எடை ஏறக்குறைய 1,890 கிலோ. சாலையில் போகும்போது முழுதாக நிரப்புங்கள் அல்லது முழுதாகக் காலி செய்யுங்கள். பாதித் தொட்டி வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

பெயிண்டும் தங்கத் தாளும்

என் கருத்தில், முதல் பெயிண்ட் மூன்றில் இரண்டு பங்கு பிழைத்திருந்தால் அதை விட்டுவைக்க வேண்டும். மெதுவாக மெருகேற்றினால் மங்கிய சிவப்பு வியக்கத்தக்க அளவுக்குத் திரும்பி வரும். புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், பழைய கைவினைஞரின் கோட்டைத் திரும்ப வரையவைக்க முடியாது. அடித்தே ஆக வேண்டும் என்றால் தகர வேலை, அடிப்பூச்சு, சமன்படுத்தல் ஆகியவற்றில்தான் நேரம் போகும், கடைசிச் சிவப்பு ஓரிரு நாள் வேலை. எழுத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டுப்பசை பூசி, அது பதமாக உலர்ந்ததும் தங்கத் தாளைப் பதித்து, ஓரத்தில் கறுப்பு நிழல் போடும் சைன் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் முதலிலேயே எடுத்துவைத்த பிரதி அவர்களுக்கு உயிர்.

ஓட்டுதல்

பவர் ஸ்டியரிங் கிடையாது. கியர் மாற்றும்போது கிளட்சை இரண்டு முறை அழுத்தி, நடுவில் எஞ்சின் வேகத்தைச் சரிக்கட்ட வேண்டும். காலி மைதானத்தில் நன்றாகப் பழகிய பிறகு சாலைக்கு வாருங்கள். முன்னே போகும் காருக்கும் உங்களுக்கும் இடையே நிறைய இடம் விடுங்கள். ஊர்வலத்தில் பின்படியில் ஆள்களை நிற்கவைக்கும் வழக்கம் உண்டு, உறவினர்கள் கெஞ்சுவார்கள். மறுத்துவிடுங்கள்.

ஆண்டு முழுவதும் செய்ய வேண்டியவை

மாதம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நன்மையைவிடத் தீமை. எஞ்சின் சூடேறும் முன் நின்றுவிட்டால், எரிந்த பெட்ரோலின் ஈரம் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கும். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டி, எல்லாம் சூடாகிய பிறகு நிறுத்துங்கள். முடியாத மாதம் தொடாமலே விடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பை ஓட்டி, எல்லா வால்வுகளையும் திறந்து மூடி, வடியுங்கள். குளத்து நீர் இறைத்திருந்தால் பிறகு குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். கிரீஸ் நிப்பிள்களை ஒரு படத்தில் குறித்து வையுங்கள். பம்பின் பக்கத்திலும் கிளட்ச் தண்டிலும் உள்ளவைதான் வழக்கமாக விட்டுப்போகும். எஞ்சின் எண்ணெயை எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிர்விப்பு நீரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

பனி விழும் ஊரில் இருந்தால் முதல் உறைபனிக்கு முன் பம்பை வடிப்பதுதான் ஆண்டின் மிக முக்கியமான வேலை. ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே தங்கி உறைந்தாலும் வார்ப்பு உடல் பிளந்துவிடும். எல்லா வடிகால்களையும் திறந்து, வெளியேற்று வால்வுகளையும் மூடிகளையும் திறந்து, மாற்று வால்வை இரு நிலைகளுக்கும் ஓரிரு முறை தள்ளி, பிரைமரைச் சில நொடி ஓடவிடுங்கள். மானிகளுக்குப் போகும் மெல்லிய குழாய்களும் துணைக் குளிர்விப்பானும் தனியாக வடிக்கப்பட வேண்டும், பெரும்பாலும் இவற்றில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். வடிகால்களைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே விட்டு, ‘பம்பு வடிக்கப்பட்டது, வடிகால் திறந்துள்ளது’ என்று ஓர் அட்டையை ஸ்டியரிங்கில் கட்டுங்கள். பெட்ரோல் தொட்டியை நிரப்பி, கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர்வரை போகும்படி கொஞ்சம் ஓட்டிய பிறகு நிறுத்துங்கள். பாட்டரியைக் கழற்றிச் சார்ஜில் வையுங்கள். புகைக்குழாய் வாயையும் காற்று வழியையும் எலி நுழையாமல் அடைத்து, அடைத்ததையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வண்டியிலேயே வையுங்கள்: எந்த எண்ணெய், எந்த அளவு வாஷர், பாக்கிங் எத்தனை வளையம், அந்த ஆண்டு வெற்றிடச் சோதனையில் ஐந்து நிமிடத்தில் முள் எவ்வளவு இறங்கியது. அந்தக் கடைசி எண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டாலே பம்பின் எந்த வாஷர் எப்போது கைவிடப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.